திணையும் ஒழுக்கமும்: பெசன்ட் நகர்க் கலைவெளிகளில் சமூக நெறி கற்றல்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சமூகத்தின் நெறிகளும் விழுமியங்களும் அறிவுரையால் மட்டும் கற்கப்படுவன அல்ல. இடம், காலம், புழங்குபொருள் ஆகியவை ஒழுங்கமைக்கப்படும் முறையாலும் அவை மனிதரிடம் பதிகின்றன. தொல்காப்பியம் வகுக்கும் முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டைத் திறனாய்வுக் கருவியாகக் கொண்டு, சென்னை பெசன்ட் நகரிலும் அதனை ஒட்டியும் அமைந்த மூன்று களங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆல்காட் நிறுவிய பஞ்சமர் இலவசப் பள்ளி, ருக்மிணி தேவி நிறுவிய கலாசேத்திரா, 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா ஆகியன அவை. நிலத்தை மாற்றுவதால் மட்டும் நெறி மாறுவதில்லை. பொழுதும் கருப்பொருள் மீதான உரிமையும் மாறும்போதே ஒழுக்கம் மாறும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: சமூகமயமாக்கம், ஒழுக்கம், திணை, கலாசேத்திரா, ஊரூர் ஆல்காட் குப்பம், ரசனை, பறை

முன்னுரை

மனிதன் சமூக உறுப்பினனாக உருப்பெறும் நிகழ்வைச் சமூகவியலார் சமூகமயமாக்கம் என்பர். எமில் துர்க்கைம் அறக்கல்வியைக் கட்டுப்பாட்டுணர்வு, குழுவின் மீதான பற்று, தன்னறிவோடு ஏற்றல் என்னும் மூன்று கூறுகளாகப் பகுத்தார். பீட்டர் பெர்கரும் தாமஸ் லக்மனும் 1966இல் வெளியிட்ட நூலில், குடும்பத்தில் நிகழும் முதல்நிலைச் சமூகமயமாக்கத்தையும் நிறுவனங்களில் நிகழும் இரண்டாம்நிலைச் சமூகமயமாக்கத்தையும் வேறுபடுத்தினர். பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட ஆய்வில், ரசனை என்பது இயல்பாக வாய்த்த திறன் அன்று, வர்க்க வாழ்க்கை உடலில் படியவைத்த பழக்கம் என்று நிறுவ முயன்றார்.

இக்கோட்பாடுகள் தமிழாய்வில் பலவாறு பயன்பட்டுள்ளன. எனினும், கோட்பாட்டை வெளியிலிருந்து பெற்றுச் சான்றை மட்டும் தமிழிலிருந்து தரும் போக்கே மிகுதி. நெறியும் நிலமும் பிணையும் முறையை விளக்கத் தமிழிலேயே செறிவான ஒரு சட்டகம் உண்டு. அச்சட்டகம் இக்காலக் கலைநிறுவனங்களைத் திறனாய்வு செய்ய எந்த அளவுக்குத் துணைபுரியும் என்பதை இக்கட்டுரை சோதிக்கிறது. அதற்குப் பெசன்ட் நகரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும் மீனவர் குப்பங்களும் செவ்வியல் கலைக்கூடமும் பிரம்மஞான சபையின் தோப்புகளும் நடந்தே கடக்கும் தொலைவில் அங்கு அமைந்துள்ளன. அன்னி பெசன்ட், ஆல்காட், அருண்டேல் ஆகியோரின் பெயர்களையே அங்குள்ள நகரும் குப்பமும் பள்ளிகளும் தாங்கியுள்ளன. ஓர் இயக்கத்தின் கல்விக் கனவு ஒரு நிலப்பரப்பின் பெயர்களாகவே எஞ்சியிருக்கும் இடம் அது.

1. ஒழுக்கம் என்னும் சொல்லும் திணைக் கோட்பாடும்

ஒழுகு என்னும் வினையடியாகப் பிறந்தது ஒழுக்கம் என்னும் சொல். நீர் இடையறாது ஓடுவதைக் குறிக்கும் வினையே மனிதன் நடந்துகொள்ளும் முறைக்கும் பெயராயிற்று. விதி என்பது ஒருமுறை சொல்லப்படுவது. ஒழுக்கம் என்பது நாள்தோறும் நிகழ்வது. நெறி கற்றலில் தொடர்ச்சியே அடிப்படை என்னும் கருத்து இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

அகத்திணையியல் இதனை மேலும் விரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், இருத்தல், இரங்கல் முதலிய ஒழுக்கங்கள் உரிப்பொருள். திணை என்னும் சொல்லுக்கே ஒழுக்கம் எனப் பொருள்கொள்ளும் உரைமரபும் உண்டு. ஓர் ஒழுக்கம் வெற்றிடத்தில் தோன்றாது. அதற்குரிய இடமும் காலமும் பொருள்களும் கூடியிருக்கும் சூழலிலேயே அது இயல்பானதாகத் தோன்றும் என்பது இவ்வமைப்பின் உட்கிடை. இது இலக்கியத்தில் பயின்றுவரும் காதலொழுக்கத்துக்குச் சொல்லப்பட்டது என்பது உண்மையே. ஆயினும், சூழலும் நடத்தையும் ஒன்றையொன்று சுட்டும் உறவை விளக்குவதால், சமூக நெறியை ஆராயவும் இது பொருந்தும்.

இங்குக் குறிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தொல்காப்பியக் கருப்பொருள் பட்டியலில் பறையும் யாழும் ஒருங்கே இடம்பெறுகின்றன. ஒவ்வொரு திணைக்கும் உரிய பறை உண்டு. உரிய யாழும் உண்டு. இசைக்கருவிகளுள் ஒன்று மங்கலமானது, மற்றொன்று தீட்டுடையது என்னும் பிற்கால வேறுபாடு அப்பட்டியலில் இல்லை. ஆகவே அவ்வேறுபாடு பிறகு கற்கப்பட்டது. கற்கப்பட்டது என்பதால் அது எங்கே, எவ்வாறு கற்பிக்கப்படுகிறது எனக் கேட்க இடமுண்டு.

உரைகளும் இத்தகைய கற்பித்தலில் பங்கேற்றுள்ளன. திருக்குறளின் ஒழுக்கமுடைமை அதிகாரத்துக்கு விளக்கம் தரும் பரிமேலழகர், ஒழுக்கத்தை வருணத்தோடும் நிலையோடும் பொருத்திப் பொருள் கூறுகிறார். நூலைக் கற்கும் மாணவர் உரைவழியே ஒரு சமூக அடுக்கையும் சேர்த்துக் கற்றுவிடுகிறார். நெறி கற்றலில் வெளிப்படையாகச் சொல்லப்படும் பாடத்தைவிட அதனுடன் ஒட்டிவரும் பாடமே வலியது என்பதற்கு இது சான்று.

2. சூழலே ஆசிரியர்: அடையாற்றுக் கல்வி முயற்சிகள்

1875இல் நியூயார்க்கில் தோன்றிய பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றில் தன் தலைமையிடத்துக்கான நிலத்தைப் பெற்றது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஆல்காட், 1894இல் ஒடுக்கப்பட்டோரின் குழந்தைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பஞ்சமர் பள்ளிகள் எனப் பெயர்பெற்ற இவ்வரிசை பின்னர்ச் சென்னையின் பிற பகுதிகளுக்கும் விரிந்தது. அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டுடன் கொண்ட தொடர்பு 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் உருவாவதற்குத் துணையாயிற்று. அம்முதற் பள்ளியின் வழிவந்த ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் இயங்குகிறது.

1939இல் மரியா மாண்டிசோரி, ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தைக்கு அறிவுரை கூறுவதைக் குறைத்து, அதன் அளவுக்கேற்ற பொருள்களும் ஒழுங்கும் உடைய சூழலைத் தயார் செய்தால், குழந்தை அச்சூழலிலிருந்தே தன்னொழுங்கைக் கற்கும் என்பது அவர் கல்விமுறையின் அடித்தளம். முதலும் கருவும் அமைந்தால் உரி தானே அமையும் என இதனைத் திணைமொழியில் கூறலாம்.

இம்முயற்சிகளுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அன்னி பெசன்ட் 1909இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் முன்னேற்றம் பற்றி எழுதிய கட்டுரையில், அக்குழந்தைகளை உயர்சாதிக் குழந்தைகளுடன் ஒரே பள்ளியில் சேர்ப்பதை ஏற்கவில்லை. தூய்மையும் நல்ல பழக்கமும் முதலில் தனியே கற்பிக்கப்பட வேண்டும் என்பது அவர் வாதம். டாக்டர் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இக்கட்டுரையை விரிவாக எடுத்துக்காட்டி விமர்சித்தார். சூழலே ஆசிரியர் என்னும் கொள்கையை ஏற்ற இயக்கத்தின் தலைவர், சூழலைப் பகிர்வதற்குத் தகுதி கேட்டார் என்பதே இதிலுள்ள முரண். தூய்மை கற்ற பிறகே பொதுவெளிக்குள் வரலாம் என்னும் நிபந்தனை, பொதுவெளிக்குள் ஏற்கெனவே இருப்போரின் பழக்கத்தையே நெறியின் அளவுகோலாக்கிவிடுகிறது. இவ்வளவுகோல் பள்ளியோடு நின்றுவிடவில்லை, கலையிலும் தொடர்ந்தது.

3. கலாசேத்திரா: உடல் கற்கும் நெறி

ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்று, 1935இல் பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டில் அரங்கேறினார். 1936இல் அவர் தொடங்கிய கலைக்கழகமே கலாசேத்திராவாக வளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் சபை வளாகத்திலிருந்து பெசன்ட் நகரை ஒட்டிய திருவான்மியூர்க் கடற்கரைப் பகுதிக்கு இடம் மாறியது. நாடாளுமன்றம் இயற்றிய 1993ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

இந்நிறுவனத்தின் கற்பித்தலைத் திணைச் சட்டகத்தில் வைத்துப் பார்க்கையில் அதன் முழுமை புலப்படும். மரங்கள் அடர்ந்த வளாகமும் ஓலை வேய்ந்த பயிலரங்குகளும் கூத்தம்பலமும் நிலம். ஆலமரத்தடியில் கூடி வழிபடுவதில் தொடங்கும் காலை பொழுது. கைத்தறிச் சேலை, தட்டுக்கழி, விளக்கு, தம்புரா, மிருதங்கம் ஆகியவை கருப்பொருள். இவற்றின் நடுவே அரைமண்டியில் அமர்ந்து தட்டடவை நூற்றுக்கணக்கான முறை செய்யும் மாணவர், அடவை மட்டும் கற்பதில்லை. ஆசிரியர்முன் நிற்கும் முறை, குரலின் அளவு, நிறங்களின் பொருத்தம், எது மிகை எது அளவு என்னும் தெளிவு ஆகியவற்றையும் கற்கிறார். அடக்கம் என்னும் விழுமியத்தை எவரும் தனிப்பாடமாக நடத்த வேண்டியதில்லை. கோடு பிசகாத கைநீட்டலிலேயே அது பயிலப்பட்டுவிடுகிறது.

இதன் சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. பரம்பரையாக ஒரு குலத்துக்குள் நின்ற கல்வியைப் பிறரும் பயிலத்தக்க பாடத்திட்டமாக அது ஆக்கியது. நட்டுவாங்கத்தைப் பெண்களும் ஏற்கும் வழக்கத்தை வளர்த்தது. கதகளி ஆசான்களை வரவழைத்து நாட்டிய நாடகத்துக்குப் புது இலக்கணம் தந்தது. நெசவையும் சாயத்தையும் கலைக்கல்வியின் பகுதியாகக் கண்டது.

ஆனால் பொதுவாக்கப்பட்ட இக்கல்வி தேர்ந்தெடுத்தே பொதுவாக்கியது. சிருங்காரம் மிக்க பதங்கள் சில பின்னுக்குத் தள்ளப்பட்டன. பக்தி முன்னுக்கு வந்தது. பரம்பரைக் கலைஞரான பாலசரசுவதி இதனை ஏற்கவில்லை. சிருங்காரமே இக்கலையின் தலையாய சுவை, அதனைத் தூய்மைப்படுத்த வேண்டிய தேவை இல்லை என்பது அவர் நிலைப்பாடு. இவ்விவாதத்தை இரு கலைஞரின் சுவை வேறுபாடாக மட்டும் காண்பது போதாது. 1947ஆம் ஆண்டு தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை ஒட்டிய ஆண்டுகளில், இசைவேளாளப் பெண்கள் மேடையைவிட்டு விலகினர். மத்தியதர, உயர்சாதிக் குடும்பங்களின் மகளிர் மேடைக்கு வந்தனர். கலையின் நெறி மாறியபோது அதைக் கற்கத் தகுந்தவர் யார் என்னும் நெறியும் உடன் மாறியது.

1944இல் கலாசேத்திரா குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கியது இத்தேர்வுமுறையைக் காட்டும் நல்ல சான்று. குறத்தியின் நடையும் பேச்சும் மிடுக்கும் மேடைக்கு வந்தன. குறவர் சமூகத்தினர் பயிலரங்குக்கோ பார்வையாளர் வரிசைக்கோ வருவதற்கான வழியை அந்நாடகம் திறக்கவில்லை. விளிம்புநிலை வாழ்வு நிகழ்த்துபொருளாக ஏற்கப்பட்டு, அவ்வாழ்வை உடையோர் பயிலுநராக ஏற்கப்படாத நிலையையும் மாணவர் இயல்பானதாகவே கற்றனர்.

4. அறியாமையைக் கற்றல்

சமூகமயமாக்க ஆய்வுகள் பெரும்பாலும் கற்கப்படும் செய்திகளையே கணக்கிடுகின்றன. எதைக் கேளாமல் இருப்பது என்பதும் கற்கப்படுவதே. மிருதங்கம் இதற்குத் தக்க சான்று. அக்கருவியின் ஓசை மாடு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோலால் பிறக்கிறது. அத்தோலைப் பதமாக்கிக் கருவி செய்வோருள் தலித்துகளும் தலித் கிறித்தவர்களும் பெரும்பங்கினர். வாசிப்பவரைப் போற்றும் இசையுலகம் செய்பவரை அறியாமலேயே பல தலைமுறைகள் இயங்கியது. இது தகவல் இன்மையால் நேர்ந்தது அன்று. வாசிப்பவர் நாள்தோறும் செய்பவரிடம் சென்றுவந்தவரே. தெரிந்ததைப் பேசாதிருத்தல் என்னும் நெறியே இங்குக் கற்கப்பட்டது.

டி.எம். கிருஷ்ணா இக்கைவினைஞர் மரபை ஆராய்ந்து எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் 2020இல் வெளிவந்தது. அதன் வெளியீட்டு விழாவுக்குத் தன் அரங்கில் முதலில் இடமளித்த கலாசேத்திரா, பின்னர் அந்த இசைவை விலக்கிக்கொண்டது. நூலின் பொருள் சர்ச்சைக்குரியது, அரசு சார்ந்த நிறுவனம் நல்லிணக்கத்தைக் குலைக்கக்கூடிய நிகழ்ச்சிக்கு இடமளிக்க இயலாது என்பது அது கூறிய காரணத்தின் சாரம். விழா தரமணியில் உள்ள ஆசிய இதழியல் கல்லூரியில் நடைபெற்றது. மிருதங்கத்துக்கு என்றும் திறந்திருந்த அரங்கு, மிருதங்கம் செய்வோர் பற்றிய உரையாடலுக்குத் திறக்கவில்லை. ஒரு திணையின் கருப்பொருள் எங்கிருந்து வந்தது எனக் கேட்பதே அத்திணையின் உரிப்பொருளைக் கலைக்கும் செயலாகக் கருதப்பட்டது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

5. ஊரூர் ஆல்காட் குப்பம் விழா: நிலம் மாறும்போது

குப்பம் என்னும் சொல் கடற்கரைச் சிற்றூரைக் குறிப்பது. சென்னைப் பேச்சில் அது இழிவின் சாயலைப் பெற்றுவிட்டது. பழைய இலக்கியத்தில் குடியிருப்பைப் பொதுவாகச் சுட்டிய சேரியும், வருவாய்த்துறையில் வரிவிதிப்புக்கு வெளியே நிற்கும் பொதுநிலத்தைச் சுட்டிய புறம்போக்கும் இவ்வாறே வசைச்சொற்களாயின. குழந்தை இச்சொற்களின் அகராதிப் பொருளை அறியுமுன்பே அவற்றை உச்சரிக்கும் முகச்சுளிப்பைக் கற்றுவிடுகிறது. எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பற்றி 2017இல் வெளிவந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' அச்சொல்லை மீட்க முயன்றதன் பொருள் இங்கு விளங்கும். கர்நாடக இசையின் இராகங்களில் சென்னைப் பேச்சுத்தமிழ் ஒலித்தபோது, எந்த மொழி எந்த இசைக்கு உரியது என்னும் கற்கப்பட்ட நெறியும் கேள்விக்கு உள்ளாயிற்று.

இதே சிந்தனையின் விரிந்த களமே 2015இன் தொடக்கத்தில் முதன்முறை நடந்த ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. டி.எம். கிருஷ்ணா, சூழலியல் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமன் ஆகியோரும் குப்பத்து மக்களும் தன்னார்வலர்களும் இணைந்து அதனை நடத்தினர். கர்நாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம், வில்லுப்பாட்டு, கூத்து ஆகியவை ஒரே விழாவின் நிகழ்வுகளாயின. நுழைவுச்சீட்டு இல்லை, இருக்கை வரிசைப் பாகுபாடு இல்லை. பின்னர் அது சென்னைக் கலைத் தெரு விழா என்னும் பெயருடன் வேறு இடங்களுக்கும் விரிந்தது.

சபாவில் ரசிகருக்கு உரிய ஒழுக்கம் திட்டவட்டமானது. தாளத்தைத் தொடையில் அளத்தல், உரிய இடத்தில் தலையசைத்தல், தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து செல்லுதல் வரை அனைத்தும் பழகியவை. குப்பத்தில் குழந்தைகள் குறுக்கே ஓடுகின்றனர், கடற்காற்று ஒலிவாங்கியில் இரைகிறது, பேச்சு ஓய்வதில்லை. இச்சூழலில் அமர்ந்த சபா ரசிகருக்குத் தம் மௌனம் இசையின் இயல்பன்று, தாம் பழகிய பழக்கம் என்பது புலனாக வாய்ப்புண்டு. பறையையும் வயலினையும் ஒரே மாலையில் கேட்கும்போது, தொல்காப்பியக் கருப்பொருள் பட்டியலின் அருகமைவு ஒரு கணமேனும் மீள்கிறது. நெறி இடம் சார்ந்தது என்பதைச் சொல்லாமல் நிகழ்த்திக் காட்டியதே இவ்விழாவின் தலையாய பங்களிப்பு.

6. விழாவின் எல்லைகள்

எனினும், இவ்விழாவைப் போற்றும் எழுத்துகள் கேட்கத் தவறும் வினாக்கள் மூன்று உண்டு.

முதலாவது, பொழுது பற்றியது. விழா என்பது ஆண்டின் சில நாள்கள். கலாசேத்திராவின் ஆற்றல் நாள்தோறும் மீளும் காலையில் உள்ளது. ஒழுகுதலே ஒழுக்கம் எனின், ஒரு மாலையின் அனுபவம் ஒழுக்கமாக முதிர்வதற்கு அதனைத் தொடரும் அன்றாடம் தேவை. அது இல்லாதவிடத்து, குப்பத்துக்குச் சென்றுவந்தமையே நகர்வாசிக்குப் புதிய பண்பாட்டு மதிப்பாகிவிடக்கூடும். பூர்தியு காட்டிய வேறுபடுத்தும் ரசனை தன் பொருளை மாற்றிக்கொண்டு தொடரும்.

இரண்டாவது, கற்போர் யார் என்பது பற்றியது. செவ்வியல் இசையைக் குப்பத்துக்குக் கொண்டுசெல்லுதல் என்னும் விவரிப்பில், குப்பம் பெறுமிடமாகவே நிற்கிறது. ஒருங்கிணைப்பாளர்கள் இவ்விவரிப்பை ஏற்கவில்லை. குப்பத்தைப் பற்றி நகரம் கொண்ட முன்முடிவுகளைக் கலைப்பதே நோக்கம் எனக் கூறினர். நோக்கம் அவ்வாறாயினும், செய்தி ஊடகங்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற பாடகரின் வருகையையே முதன்மைப்படுத்தின. விழாவுக்கு வெளியே உருவாகும் இவ்விவரிப்பும் நெறி கற்பிக்கிறது.

மூன்றாவது, குப்பத்துக்கே உரிய ஒழுக்கங்கள் பற்றியது. மீனவச் சிறுவர் வாடை, கச்சான் எனக் காற்றுகளையும், வன்னி, தெண்டி என நீரோட்டங்களையும் பெயரிட்டறிவது பெரியோருடன் கரையிலும் கடலிலும் இருந்தே. பிடித்த மீனைப் பங்கிடும் முறை, பூசலை ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்க்கும் முறை ஆகியவையும் உடனிருந்து கற்கப்படுவன. இது மாண்டிசோரி கூறிய சூழல்வழிக் கல்விக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அதேபோது இவ்வுலகையும் இலட்சியப்படுத்துதல் தகாது. சோழமண்டலக் கடற்கரை ஊர்ப் பஞ்சாயத்துகளில் ஆண்களே பெரும்பாலும் முடிவெடுக்கின்றனர். மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களின் குரலுக்கு அங்கு இடம் குறைவு. செவ்வியல் அரங்கின் விலக்குகளைக் கேள்வி கேட்கும் விழா, தான் நிற்கும் மணலின் விலக்குகளையும் காண வேண்டும். இல்லையெனில் குப்பம், குறவஞ்சியின் குறத்தியைப்போல், பிறர் நோக்குக்கு உகந்த பின்புலமாகவே எஞ்சும்.

முடிவுரை

மூன்று களங்களையும் ஒப்பிடும்போது தெளிவாகும் முடிபுகள் வருமாறு. ஆல்காட் பள்ளி ஒடுக்கப்பட்டோர் குழந்தைகளுக்கு அன்றாடக் கல்வியைத் தந்தது. ஆனால், அதனைச் சூழ்ந்த இயக்கத்தின் சிந்தனையிலேயே பகிர்ந்த சூழல் என்பது தகுதிக்கு உட்பட்டதாக நின்றது. கலாசேத்திரா நிலம், பொழுது, கருப்பொருள் மூன்றையும் இணைத்து வலுவான ஒழுக்கத்தைப் பயிற்றியது. அவ்வலிமையே அதன் தேர்வுகளையும் மௌனங்களையும் கலையின் இயல்பாகத் தோன்றச் செய்தது. குப்பத்து விழா நிலத்தை மாற்றி அத்தோற்றத்தைக் கலைத்தது. பொழுதையும் கருப்பொருள் மீதான உரிமையையும் மாற்றும் அளவுக்கு அது இன்னும் வளரவில்லை.

சமத்துவம் என்னும் விழுமியத்தையும் மற்ற விழுமியங்களைப் போலவே பழகித்தான் கற்க வேண்டும். பறையைப் பாராட்டும் ஒரு மாலையைவிட, பறை கற்பிக்கும் ஆசானுக்கும் மிருதங்கம் செய்யும் கைவினைஞருக்கும் கலைக்கூடத்தின் அன்றாடப் பாடவேளையில் ஓரிடம் அளிப்பது நெடிய விளைவைத் தரும். கடற்கரைப் பள்ளிகளில் மீனவரின் காற்றறிவும் நீரறிவும் பாடமாவது அதற்கு இணையான மற்றொரு படி. இத்தகைய அன்றாட மாற்றங்கள் நிகழும் களங்களைத் தேடி ஆவணப்படுத்துவதும், அங்குப் பயில்வோரின் நடத்தையில் காலப்போக்கில் ஏற்படும் மாற்றங்களைத் தொடர்ந்து நோக்குவதும் இத்துறையில் இனிச் செய்யத்தக்க ஆய்வுகளாகும்.